பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கலாமா? பந்தலூர் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பந்தலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடலூரில் பி.காம். முடித்துவிட்டு இப்போது ஒரு செல்போன் கடையில் வேலை. அம்மா டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். தம்பிக்கு எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசை. மாமாவோ, "அரசியல் படிச்சு எம்.எல்.ஏ. ஆகப் போறியா? பேசாம எம்.காம். படி" என்கிறார். பி.காம். படித்தவர் இதில் சேர முடியுமா, நேரடி வகுப்பா கரஸ்ஸா (தொலைநிலைப் படிப்பா), படித்தால் வேலை கிடைக்குமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். நான் இந்தப் பாடத்தைப் படித்தவன். குன்னூரில் இருந்துகொண்டு பல வருடங்களாக அதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். சேரலாம். இளங்கலையில் இதே பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கேட்பதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வில் என்ன மதிப்பெண் எடுத்தீர்கள் என்பதுதான் பேசும். வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: பட்ஜெட், வரி, நிதிக்குழு, ஜி.எஸ்.டி. கவுன்சில் என்று வரும்போது மற்றவர்கள் திணறுவார்கள், உங்களுக்குப் பழகிய சங்கதியாக இருக்கும்.

வேலை பற்றிய கேள்வியை அடுத்து எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் நடக்கிற வாக்குவாதம் அதைப் பற்றித்தானே. இந்தப் பட்டத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் எந்த வேலையும் தானாக வந்து கதவைத் தட்டாது. அடுத்த வருடமே சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் மாமா சொல்வது சரி. கணக்கு, வரி, ஆடிட்டர் ஆபீஸ் என்று போனால் சீக்கிரம் கால் ஊன்றலாம். அரசியல் அறிவியல் படிப்பவர் அதன் மேல் இன்னொரு படி கட்ட வேண்டும். அந்தப் படி எது என்று சேரும்போதே ஓரளவு தெரிந்திருப்பது நல்லது.

பள்ளி ஆசிரியர் வேலை என்றால் எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் ஒரு பாடம். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்விலும் அதற்கு இடம் வரும். ஆனால் தமிழ், ஆங்கிலம், கணிதம் போல நூற்றுக்கணக்கில் வராது, சொற்பம்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமையை நம்புகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கிற படிப்பு வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். முதுகலை கேட்கிற வேலை என்றால் எம்.ஏ.வும் அதில் அடங்கும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு அல்லது செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வு, இல்லையென்றால் முனைவர் பட்டம். நெட் எழுத எம்.ஏ.வில் 55 விழுக்காடு தேவை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. கரஸ்ஸில் படித்து 48, 49 என்று நின்றுவிட்ட பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பாஸ் ஆனால் போதும் என்று எழுதாதீர்கள். நெட்டில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்வானால், முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும். தோட்டத் தொழிலாளி வீட்டிலிருந்து ஒருவர் பிஎச்.டி. வரை போகலாம் என்று நான் தைரியமாகச் சொல்வதற்கு இந்தத் தொகை ஒரு முக்கியக் காரணம்.

யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்து ஒரு விருப்பப் பாடம். எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. டி.என்.பி.எஸ்.சி.யில் விருப்பப் பாடம் இல்லாவிட்டாலும் அரசியலமைப்பு எல்லாக் குரூப்பிலும் வருகிறது. இவை தவிர இன்னும் சில வழிகள் இருக்கின்றன. எம்.பி.க்களுக்கு ஆய்வு உதவியாளராக ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்யும் லேம்ப் ஃபெல்லோஷிப் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்காக நடந்துவந்தது; இப்போது நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முதலமைச்சரின் ஃபெல்லோஷிப் திட்டத்தில் முதல் வகுப்பில் தேறிய எம்.ஏ. பட்டதாரிகளும் விண்ணப்பித்தார்கள். பத்திரிகை, சட்டப் படிப்பு ஆகியவையும் உண்டு. கோத்தகிரியில் கீஸ்டோன், கூடலூரில் அக்கார்டு போல, பழங்குடி மக்களோடு பல காலமாக வேலை செய்கிற அமைப்புகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் சட்டம் தெரிந்த, ஊர் தெரிந்த, எழுதத் தெரிந்த ஆள் எப்போதும் தேவை.

சரி, வேலைக் கணக்கு இத்துடன் போதும். இந்தப் பாடத்தை நீங்கள் எடுக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. இந்தியா முழுவதும் அரசியல் அறிவியல் மாணவர்கள் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிற சில விஷயங்கள் உங்கள் வாசலில் நடந்தவை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை என்று படித்திருப்பீர்கள். ஒரு சட்டத்தை அதில் சேர்த்துவிட்டால், அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தொட முடியாது என்பது ஏற்பாடு. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்றுவதற்காக 1951-இல் முதல் திருத்தத்தின் மூலம் கொண்டுவந்தார்கள். அப்புறம், கூடலூர் பக்கம், கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள், அதாவது பரம்பரை உரிமையில் வந்த நிலங்கள், இருந்தன அல்லவா? அந்த ஜென்ம முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969-இல் ஒரு சட்டம் போட்டது. தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1972-இல் உச்ச நீதிமன்றம், காட்டு நிலங்களை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. நாடாளுமன்றம் விடவில்லை. 1974-இல் 34-ஆவது திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டது. நீதிமன்றம் ரத்து செய்த ஒன்றை இப்படிப் பின்வாசல் வழியாக உயிர்ப்பிக்க முடியுமா? அந்தக் கேள்விதான் ஐ.ஆர். கொயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: அரசியலமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை 1994-இல் இதே அட்டவணையில்தான் சேர்த்தார்கள். அதுவும் 1973-க்குப் பிற்பட்டது. அப்படியென்றால் கூடலூர் எஸ்டேட் நிலத்தில் தொடங்கிய ஒரு வழக்கு, தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் இடத்தோடும் சம்பந்தப்பட்டிருக்கிறது. டெல்லியில் படிக்கிற மாணவருக்குக் கொயல்ஹோ என்பது தேர்வில் வரும் ஒரு பெயர். உங்கள் ஊரில் அது செக்‌ஷன் 17 நிலம், அதாவது அந்த 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் குத்தகை நிலம். பட்டா கிடைக்காமல், ஒரு மின் இணைப்புக்குக்கூட வருடக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களை நீங்களே அறிவீர்கள். தீர்ப்பையும் அந்தக் குடும்பங்களையும் ஒரே கட்டுரையில் வைத்து எழுத உங்களால் முடியும், அந்த டெல்லி மாணவரால் முடியாது.

இதோடு முடியவில்லை. இந்தியாவில் காடு என்றால் எது என்பதை 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவை வைத்துத்தான் பல காலம் பேசிவந்தார்கள். யாருடைய பெயரில் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான் என்ற அந்த உத்தரவு வந்தது கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில். அவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். 1995-இல் அவர் நீதிமன்றத்துக்குப் போனது கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கத்தான். நீதிமன்றம் ஆட்சி நடத்தலாமா, அது எது வரை போகலாம் என்று எம்.ஏ.வில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்ததே, அதுவும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் வந்ததுதான். கொயல்ஹோ, திருமுல்பாடு, இ-பாஸ் மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு ஆய்வேடு தானாகத் தெரியும்.

பன்னாட்டு உறவு என்றால் அமெரிக்கா, சீனா என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். டேன்டீ ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மனிதர்களை யாரும் கேட்கவில்லை. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டம். உங்கள் குடும்பம் எப்படித் தோட்டத்துக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்களைச் சுற்றி இருக்கும் லயன் வீடுகளில் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். குடியுரிமை என்றால் என்ன என்பதை அவர்களைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன்.

உள்ளாட்சியிலும் தொகுதி அரசியலிலும் இப்படியே. பந்தலூர் இருப்பது நெல்லியாளம் நகராட்சிக்குள். தேயிலையும் காடுமாக இருக்கிற இடம் நகராட்சி ஆனதால், ஊராட்சிகளுக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டம் அங்கே வரவில்லை. தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் நீலகிரியில் வாழ்கிறார்கள், ஆனால் பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று மாநிலத்தில் ஒரு இடம்கூட இல்லை, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் இங்கே இல்லை. நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவிநாசி மூன்றும் பெரும்பாலும் சமவெளியில் இருக்கின்றன. மலைக்கு ஒரு எம்.பி. என்கிறோம், வாக்காளர்களில் பெரும் பகுதியினர் கீழே இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆய்வுக்குப் போதும்.

இனி நேரடி வகுப்பா கரஸ்ஸா என்பதற்கு வருகிறேன். இரண்டு வருடம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடும் என்றால் நேரடி வகுப்புக்குப் போங்கள், அதுவும் மலையை விட்டு இறங்கிப் போங்கள். இந்தப் பாடத்தில் பாதி, வகுப்பறையில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருடன் வாதாடித்தான் வரும். காஷ்மீரிலிருந்து ஒருவர், மணிப்பூரிலிருந்து ஒருவர், தஞ்சாவூரிலிருந்து ஒருவர் என்று உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கூட்டாட்சி பற்றிப் பேசுவது வேறு மாதிரி இருக்கும். அந்த வகையில் என் முதல் தேர்வு புதுச்சேரிப் பல்கலைக்கழகம். பக்கமும்கூட. அடுத்து ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஜே.என்.யு. ஆகியவை. இவற்றுக்கு க்யூட் பி.ஜி. எழுத வேண்டும். மொத்தம் 75 கேள்வி, சரியான விடைக்கு 4, தவறானதற்கு ஒன்று கழியும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் தொடங்கி மார்ச் வாக்கில் தேர்வு நடக்கும். அதனால் மே மாதம் விசாரிக்கத் தொடங்கினால் அந்த வருடம் போய்விடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல், பொது நிர்வாகத் துறை, மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவை பழைய துறைகள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சேர்ந்த உடனே எழுதிக்கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டை விட்டு நகர முடியாது என்றால் கரஸ்ஸில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் உழைப்பு இரட்டிப்பு. இக்னோவின் பாடப் புத்தகங்கள் தரமானவை. குறைந்தது இரண்டு வருடம், நான்கு வருடம் வரை இழுக்கலாம். அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70 என்று மதிப்பெண். ஆனால் பயிற்று மொழி ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழில் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அந்த வருட விளக்கக் குறிப்பேட்டை எடுத்து, இந்தப் பாடத்துக்குப் புத்தகம் எந்த மொழியில், தேர்வு எந்த மொழியில் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏஜென்ட் சொன்னான் என்று எந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலும் பணம் கட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதை அவர்களுடைய இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், பாதுகாப்பு ஆய்வுகள் எல்லாம் நெட்டில் தனித்தனிப் பாடங்கள். எம்.ஏ.வில் என்ன பெயர் அச்சாகிறதோ அதுதான் பின்னால் உங்களைத் துரத்தும்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ், மலையாளம், கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசிவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போவார்கள். நெட் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. அதனால் ஒதுக்கிவிட முடியாது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று தமிழில் ஐந்து வரி எழுத வேண்டும், உதாரணம் நம் ஊரிலிருந்து இருக்க வேண்டும். ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்க அறிஞரின் 'அறியாமைத் திரை' என்ற கருத்தைப் படித்துவிட்டு ஒரு மாணவி எழுதியது இது: "நான் எஸ்டேட் முதலாளி வீட்டில் பிறப்பேனா, லயன் வீட்டில் பிறப்பேனா, காட்டுநாயக்கர் குடியில் பிறப்பேனா என்று தெரியாமல் இந்த மலைக்கு ஒரு சட்டம் எழுதச் சொன்னால், யாருக்கும் மோசம் வராத மாதிரிதான் எழுதுவேன்." அதற்கு மேல் ரால்ஸைப் பற்றி அன்று நான் அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

காசு செலவழித்துப் புத்தகம் வாங்குவதற்கு முன் இக்னோவின் இ-ஞான்கோஷ் தளத்துக்குப் போங்கள். அவர்களுடைய எம்.ஏ. பாடங்கள் முழுவதும் இலவசமாக இருக்கின்றன. அரசியல் கோட்பாடு, இந்தியாவில் மக்களாட்சியும் வளர்ச்சியும் என்ற இரண்டு பாடங்களிலிருந்தும் சில பகுதிகளைப் படியுங்கள். கூடவே கொயல்ஹோ தீர்ப்பையும் தேடி எடுங்கள், அதுவும் இலவசம்தான். கடை மூடியபிறகு இரவில் இவற்றைப் படிக்கும்போது தூக்கம் வருகிறதா, அடுத்த பக்கம் புரட்டத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தூக்கம் வந்தால் எம்.காம். போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாமாவிடம் சண்டை போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு என்ன செலவு, விடுதிக்கு எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு, முடித்ததும் பி.எட்.டா நெட்டா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பி.காம். படித்தவர் கணக்குக் காட்டினால் அவரும் உட்கார்ந்து பார்ப்பார்.

அப்புறம் இந்த வாரமே செய்ய வேண்டியது சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரிலும் அப்படியே இருக்க வேண்டும். தோட்டக் குடியிருப்புகளில் இந்த எழுத்து வித்தியாசத்தால் சேர்க்கை தவறியவர்கள் உண்டு. கரஸ் என்றால் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் டி.இ.பி. ஐ.டி. இப்போது கட்டாயம், அதற்கு முன்னால் படிப்பின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் ஏ.பி.சி. கணக்கின் ஐ.டி. உருவாக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் திருத்தம் எதுவும் செய்ய வேண்டியிருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டி வரும்.